ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே.கோபாலன் சம்பாதித்தது என்ன? கோவில்பட்டிக்கு அந்தக் கணக்கு ஏன் முக்கியம்?

கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன கோவில்பட்டிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு: ஹாக்கி. தமிழ்நாட்டில் எந்த ஊரில் சின்னப் பசங்க கிரிக்கெட் பேட்டோடு ஹாக்கி மட்டையையும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்று கேட்டால், முதலில் வரும் பெயர்களில் இது ஒன்று. மானாவாரி கரிசல் காட்டை நம்பி இருக்கும் இந்தப் பகுதியில், விளையாட்டில் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருக்கும் பையனைப் பார்த்து வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுல என்னப்பா கிடைக்கும்?"

அதற்குப் பதில் தேடினால், கிட்டத்தட்ட 90 வருடங்கள் பின்னோக்கிப் போக வேண்டும். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலுமே இந்தியாவுக்காக ஆடிய தமிழர் ஒருவர், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலையில் நின்றார். அவர் எம்.ஜே.கோபாலன்.

யார் இந்தக் கோபாலன்?

செங்கல்பட்டு பக்கம் மொரப்பாக்கம் கிராமத்தில் 1909-ல் பிறந்தவர். வசதி இல்லாத குடும்பம். சிறு வயதிலேயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. வேகப்பந்து வீச்சுதான் அவர் பலம்.

1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும் நடந்தது. ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம் அது.

அடுத்த ஆண்டு கையில் ஹாக்கி மட்டை. 1935-ல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணம் போன இந்திய ஹாக்கி அணியில் அவர் இருந்தார். கேப்டன் தியான் சந்த். 48 ஆட்டங்கள், அத்தனையிலும் வெற்றி, மொத்தம் 584 கோல்கள். அப்படி ஒரு அணியில் இடம்பிடித்தவர் அவர்.

1936: இரண்டு அழைப்பு, ஒரே ஆள்

1936-ல்தான் சிக்கல் வந்தது. அந்த ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக்ஸ். அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணியின் இங்கிலாந்து சுற்றுப்பயணம். இரண்டுக்கும் போக முடியாது.

கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

விளைவு? விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் போன அந்த அணி உட்பூசலுக்குப் பேர் வாங்கியது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தையே பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று டெஸ்ட் தொடரை இந்தியா 0-2 என்று இழந்தது. மூன்றில் ஒன்றில்கூட கோபாலனுக்கு ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15-ம் தேதி பெர்லினில் நடந்த இறுதி ஆட்டத்திலோ, தியான் சந்த் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது.

கழுத்துக்கு வந்திருக்கக்கூடிய ஒலிம்பிக் தங்கம் கைவிட்டுப் போனது. கோபாலனைப் பற்றி யார் எழுதினாலும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள்.

சரி, காசு?

பெரும்பாலும் பேசப்படாத பகுதி இது. அன்று இந்திய கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் வீரர்களுக்கு இன்று இருப்பதுபோல ஏலமோ ஒப்பந்தமோ கிடையாது. ஒலிம்பிக்ஸ் என்பது சம்பளம் வாங்காத அமெச்சூர் வீரர்களுக்கான மேடை. அதாவது, 1936-ல் அவர் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் மைதானத்திலிருந்து பெரும் பணம் வந்திருக்காது.

அப்படியானால் வீட்டில் அடுப்பு எரிந்தது எப்படி? வேலையால். மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் ஒருவரான சி.பி.ஜான்ஸ்டன், கோபாலனின் திறமையைப் பார்த்து பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு விளையாட்டு தந்த பெரிய சொத்து, அந்த மாதச் சம்பளம்தான்.

பின்னாளில் கௌரவங்கள் வந்தன. 1950களில் இந்திய அணியின் தேர்வாளராக இருந்தார். மெட்ராஸ் அணிக்கும் அன்றைய சிலோன் அணிக்கும் இடையே அவர் பெயரிலேயே கோபாலன் கோப்பை நடத்தப்பட்டது. 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

அதே கப்பலில் இன்னொரு இரட்டை ஆட்டக்காரர்

1936 இங்கிலாந்து சுற்றுப்பயண அணியில் மெட்ராஸிலிருந்து இன்னொருவரும் இருந்தார்: கோட்டா ராமசாமி. இவரும் இரண்டு விளையாட்டில் இந்தியாவுக்கு ஆடியவர். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ். 14 வருடம் கழித்து, 40 வயதில், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட். ஆடிய இரண்டு டெஸ்டில் 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41. சராசரி 56-க்கு மேல்!

ஆனால் இவர் கதை வேறு. தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். படித்தது கேம்பிரிட்ஜில். டென்னிஸோ கிரிக்கெட்டோ, அதில் கிடைக்கும் வருமானத்தை நம்பி வாழ வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

ஒரே அணி, ஒரே கப்பல். ஒருவருக்கு வீட்டில் இருந்த வசதி விளையாட்டைத் தந்தது. இன்னொருவருக்கு விளையாட்டு ஒரு வேலையைத் தந்தது. இந்தியாவில் 'பல விளையாட்டு வீரர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்த இரண்டு பாதைகளும் இவைதான்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

இரண்டு விளையாட்டு ஆடிப் பணக்காரர் ஆனவர்கள் என்று தேடினால், டியான் சாண்டர்ஸ் பெயர் வரும். பேஸ்பாலின் வேர்ல்டு சீரிஸ், அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இரண்டிலும் ஆடிய ஒரே வீரர். 1995-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி அவரோடு போட்ட ஏழு வருட ஒப்பந்தம் 3.5 கோடி டாலர். அதில் சுமார் 1.3 கோடி டாலர் கையெழுத்துப் போட்டதற்கே கிடைத்த போனஸ். ஓய்வுக்குப் பிறகும் வருமானம் நிற்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக 2025-ல் அவர் பெற்ற புதிய ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 5.4 கோடி டாலர்.

இன்னொருவர் போ ஜாக்சன். அதே இரண்டு விளையாட்டு, அதே அளவு புகழ். 1991 ஜனவரியில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் இடுப்பில் அடி. அத்துடன் அவருடைய கால்பந்து வாழ்க்கை முடிந்தது. செயற்கை இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டு பேஸ்பாலுக்குத் திரும்பினார் என்றாலும், பழைய வேகம் திரும்பவில்லை.

கவனிக்க வேண்டியது இது: இருவருக்கும் பணம் வந்தது இரண்டு விளையாட்டு தெரிந்ததால் மட்டும் அல்ல. அந்த இரண்டுக்கும் பின்னால் டிக்கெட், தொலைக்காட்சி உரிமம், விளம்பரம் என்று ஒரு பெரிய சந்தை இருந்தது. திறமை இருந்தும் சந்தை இல்லாத இடத்தில் ஆடினால், கிடைப்பது கோபாலன் கணக்குத்தான்.

இன்னொன்று: இணையத்தில் வீரர்களின் 'நிகர சொத்து மதிப்பு' என்று சுற்றும் எண்கள் பெரும்பாலும் ஊகம். ஒப்பந்தத் தொகை வேறு, சொத்து வேறு. வரி, ஏஜென்ட் கமிஷன், கடன், செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் சொத்து. வெளியில் இருப்பவர்களுக்கு அது முழுசாகத் தெரிய வாய்ப்பு குறைவு.

27 கோடி எங்கே, 78 லட்சம் எங்கே?

இன்றைய இந்தியாவுக்கு வருவோம். 2024 அக்டோபரில், ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலம் நடந்தது. அதிக விலைக்குப் போனவர் இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்: 78 லட்சம் ரூபாய். அடுத்த மாதமே ஐபிஎல் ஏலம். ரிஷப் பந்த் 27 கோடி.

கிட்டத்தட்ட 35 மடங்கு வித்தியாசம். இன்னொரு விதமாகச் சொன்னால், ஹாக்கி ஏலத்தில் ஒரு ஆண்கள் அணி 24 வீரர்களை எடுக்க மொத்தமாக அனுமதிக்கப்பட்ட தொகை 4 கோடி. பந்த் ஒருவருக்குக் கொடுத்த காசில் ஆறு ஹாக்கி அணிகளை வாங்கிவிட்டு, மிச்சமும் வைத்திருக்கலாம்.

உச்சத்தில்தான் இந்த இடைவெளி என்று நினைத்துவிட வேண்டாம். ரஞ்சி ஆட்டத்தில் களமிறங்கும் புதுமுக வீரருக்கே 2021-ல் அறிவித்த உயர்வின்படி ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். முன்னாள் வீரர்களுக்கான மாத ஓய்வூதியத்தையும் கிரிக்கெட் வாரியம் 2022-ல் உயர்த்தியது. 37,500 ரூபாய் வாங்கிய முன்னாள் டெஸ்ட் வீரர்களுக்கு அது 60,000 ஆனது.

1936-ல் பணத்தைப் பொறுத்தவரை இரண்டு விளையாட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று அதே தேர்வு முன்னால் வந்தால், காசுக் கணக்கு பார்ப்பவர் யோசிக்கவே மாட்டார்.

அப்புறம் ஏன் கோவில்பட்டியில் ஹாக்கி?

பதில், பனியன்களில் இருக்கிறது. கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானத்தில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கி போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே மோதுவது பெரும்பாலும் ஊர்கள் அல்ல. வேலை தரும் நிறுவனங்கள். இந்தியன் ஆயில், ரயில்வே என்று ஆடுபவரின் முதுகில் அவருடைய சம்பளப் பட்டியல் எழுதியிருக்கும்.

அதாவது, ஐபிஎல் காலத்திலும் இந்திய ஹாக்கி நடப்பது ஜான்ஸ்டன் கோபாலனுக்குச் செய்த அதே ஏற்பாட்டில்தான்: நன்றாக ஆடு, வேலை தருகிறோம். பர்மா ஷெல்லின் இந்திய வணிகத்தை 1976-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய பாரத் பெட்ரோலியம். அந்த நிறுவனமும் ஹாக்கி அணி வைத்திருக்கிறது!

கரிசல் காட்டில் இந்த ஏற்பாட்டின் மதிப்பு தனி. வடகிழக்குப் பருவமழை சரியாகப் பெய்தால் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் வீடு வந்து சேரும். பொய்த்தால் அந்த வருஷம் போச்சு. அப்படி ஒரு வீட்டுக்கு, மாதம் பிறந்தால் வரும் சம்பளமும் மருத்துவ வசதியும் எந்த ஏலத் தொகையையும்விடப் பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3% இடஒதுக்கீடும் இந்தக் கணக்கில் சேரும்.

நம்பிக்கைக்கு உதாரணமும் இருக்கிறது. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றனர். ஜகார்த்தாவில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. வெண்கலத்தோடு அணி திரும்பியது.

எங்கே ஓட்டை?

இந்த ஏற்பாட்டில் இரண்டு பலவீனங்கள்.

ஒன்று, வேலை எண்ணிக்கை. மாநில அளவில் ஆடுபவர்கள் ஏராளம். நிறுவன அணிகளில் இடம் கொஞ்சம். 22 வயதுக்குள் தேசிய அளவில் கவனம் பெறாதவருக்கு மட்டை மட்டும்தான் மிஞ்சும். அதனால் படிப்பை விடாமல் ஆடுவது கூடுதல் தகுதி அல்ல, காப்பீடு.

இரண்டு, காயம். போ ஜாக்சனுக்கு ஒரே ஒரு ஆட்டத்தில் முடிந்தது. ஆனால் அதற்குள் அவர் பெரிய பெயரும் பணமும் சேர்த்திருந்தார். வேலை கிடைப்பதற்கு முன்பே முழங்கால் போன ஒரு பையனுக்கு அப்படி எதுவும் இருக்காது.

கோபாலன் கதையை 'தங்கத்தைத் தவறவிட்டவர்' என்று சுருக்குவது எளிது. ஆனால் கரிசல் பக்கத்து வீடுகள் கேட்கும் கேள்வியை வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். பெர்லின் போயிருந்தாலும் பதக்கம் வீட்டு வாடகை கட்டியிருக்காது. அவரை நிமிர வைத்தது பர்மா ஷெல் வேலை. அந்த வேலையை வாங்கித் தரவும் ஒரு ஜான்ஸ்டன் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று அந்தப் பார்வை ஒருவரின் தயவாக இல்லாமல் விடுதி, தேர்வு, இடஒதுக்கீடு என்று விதியாக மாறியிருப்பது உண்மையான முன்னேற்றம். இனி பேச வேண்டியது, அந்த வாசல் எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்பதைத்தான். "இதுல என்னப்பா கிடைக்கும்?" என்று கேட்கும் வீட்டுக்கு ஏலத் தொகையைச் சொல்லிப் பயன் இல்லை. எத்தனை வேலை என்று சொன்னால்தான் அது பதில்.