பாதி விலைக்கு ஓப்பன் கார் வருதா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இதை எல்லாம் பாருங்க!

புதுச்சேரி,

மேற்கூரையை திறந்து மூடும் 2 சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மீது யாருக்குத்தான் ஆசை இருக்காது? புதிதாக வாங்கினால் அரை கோடி ரூபாயை தாண்டும். அதுவே 10, 12 வருடம் ஓடிய வண்டி என்றால் பாதி விலைக்கும் குறைவாக கைமாறுகிறது.

பணக்காரர்கள் மட்டும் இதை வாங்குவது இல்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், டிராவல்ஸ் நடத்துபவர்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 2, 3 பேர் கூட்டு சேர்ந்தும் விலை கேட்கிறார்கள். ஒயிட் டவுன் தெருக்களில் கல்யாண போட்டோ எடுக்க வரும் ஜோடிகளுக்கு வாடகைக்கு விட்டால் போட்ட பணத்தை எடுத்து விடலாம் என்பது அவர்கள் கணக்கு. சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து இறங்கும் முன்பு கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. இது பற்றிய விவரம் வருமாறு:-

பி.ஒய். நம்பர் ரகசியம்

சொகுசு கார்களுக்கு கேரளாவிலும், தமிழ்நாட்டிலும் வரி அதிகம். புதுவையில் குறைவு. இதனால் வெளிமாநிலத்தவர் பலர் இங்கு முகவரி காட்டி பி.ஒய். நம்பர் வாங்கினார்கள். 2017-ம் ஆண்டு இது பெரிய பரபரப்பு ஆனது. நடிகை அமலா பால், நடிகர்கள் பகத் பாசில், சுரேஷ் கோபி ஆகியோரது கார்கள் பற்றி கேரளாவில் விசாரணை நடந்தது. பகத் பாசில் சுமார் ரூ.17 லட்சம் வரியை கேரளாவில் கட்டினார். அப்போதைய கவர்னர் கிரண்பெடியும் புதுவையில் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

பழைய கார் வாங்குபவருக்கு இதில் என்ன வந்தது? இருக்கிறது. பொய்யான ஆவணம் கொடுத்து பதிவு செய்த வண்டி என்று தெரிந்தால், அந்த பதிவை ரத்து செய்ய மோட்டார் வாகன சட்டத்தின் 55-வது பிரிவு வழி செய்கிறது. முதல் ஓனர் செய்த தப்புக்கு, பணம் போட்டு வாங்கியவர் ஓட்ட முடியாத காருடன் நிற்க வேண்டியது தான்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, ஆர்.சி.யை. முதல் ஓனர் முகவரி உண்மையானதா, இதுவரை எத்தனை கை மாறியது, பேங்க் கடன் நிற்கிறதா, அபராதம் பாக்கி உள்ளதா என்று முதலியார்பேட்டை போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். எம்-பரிவாகன் செயலியிலும் ஓரளவு தெரிந்து கொள்ளலாம். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் 35-ம் எண் படிவமும், பேங்க் சான்றும் கைக்கு வரும் வரை பணம் கொடுக்கக் கூடாது.

கடலூர்காரர் வாங்கினால்...

கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இருப்பவர் பி.ஒய். வண்டியை வாங்கி அப்படியே ஓட்டி விடலாம் என்று நினைத்தால் சிக்கல். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அந்த மாநில நம்பர் வாங்க வேண்டும். அதற்கு வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வண்டி பழசாக ஆக இந்த விகிதம் குறையும் என்றாலும், சொகுசு காருக்கு லட்சக்கணக்கில் தான் வரும். இதை சேர்த்து பார்த்தால் 'பாதி விலை' பாதியாக இருக்காது.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப்போடக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.சி.யையும், 14 நாளுக்குள் இன்சூரன்சையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்சை மாற்றாமல் விட்டால், விபத்தில் நம் கார் நொறுங்கினாலும் அதற்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தான் ஓனர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் ஒரு விபத்து வழக்கில் தீர்ப்பு கூறி இருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் கரையை கடந்தபோது புதுவையில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவமே வந்தது. தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலம் விடுவதும், அவை பாலிஷ் போட்டு மீண்டும் விற்பனைக்கு வருவதும் எல்லா ஊரிலும் நடப்பது தான். சென்னையில் இருந்து வரும் வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக் கறை தெரியும். கார்ப்பெட்டை தூக்கி அடியில் தடவிப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீராவி, கதவை திறந்ததும் பூஞ்சை வாடை... இதில் ஒன்று இருந்தாலும் உஷார்!

கூரை தான் உயிர்

ஓப்பன் காரில் செலவு வைப்பது கூரை தான். துணிக் கூரை வெயிலில் விறைத்து, மடிப்பில் கிழியும். தகரக் கூரை என்றால் அதை மடக்க மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், சென்சார் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஒன்று கெட்டாலும் கூரை பாதியில் நின்று விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி நின்றால் என்ன ஆகும்?

கூரையை 3 முறை திறந்து மூடச் சொல்ல வேண்டும். பிறகு மூடி வைத்து பைப்பில் 10 நிமிடம் தண்ணீர் அடிக்க வேண்டும். ரப்பர் விட்டுப்போய் இருந்தாலும், தண்ணீர் வடியும் ஓட்டைகள் இலை, மண் அடைத்து இருந்தாலும் உள்ளே ஒழுகும். சில மாடல்களில் எலக்ட்ரானிக் பெட்டிகள் டிக்கியிலோ, சீட்டுக்கு அடியிலோ இருக்கும். அது நனைந்தால் செலவு லட்சத்தை தொடும். கடல் காற்றில் உப்பு வேறு. வீட்டில் ஷெட் இல்லாதவர்கள் இந்த ஆசையை விட்டு விடுவது நல்லது.

15 வருடம் முடிந்த வண்டி என்றால் எப்.சி. காட்டி பதிவை புதுப்பிக்க வேண்டும். இறக்குமதி காருக்கு 2022 ஏப்ரல் முதல் இதற்கு கட்டணமே ரூ.40 ஆயிரம். ஓப்பன் கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருந்து முழு வண்டியாக வந்தவை. ஒரு கண்ணாடி உடைந்தாலும் ஆர்டர் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வாடகைக்கு விடலாமா?

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். பெர்மிட் இல்லாமல் ஓட்டி பிடிபட்டால் முதல் முறையே ரூ.10 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில். வாடகை சவாரியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்து விடும். அடிபட்டவருக்கு நஷ்டஈடு ஓனர் தலையில் விழலாம். மாலையில் பீச் ரோட்டில் ஜோடியை வைத்து ஓட்டலாம் என்றாலும் முடியாது. மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை அங்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். புதுவையில் சொந்த முகவரி, வீட்டில் ஷெட், சுத்தமான ஆர்.சி., வண்டி விலைக்கு மேல் ரிப்பேருக்கு தனியாக எடுத்து வைத்த பணம், இந்த நாலும் இருந்தால் ஆசைக்கு வாங்கி ஓட்டலாம். வாடகை வருமானத்தை நம்பி, கடன் பணத்தில் வாங்குவது மட்டும் வேண்டாம்.

“ஓனர் பாரின் போறாரு, இன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்தாத்தான் வண்டி” என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் 2 நாள் டைம் கேளுங்கள். ஒரு நாள் முதலியார்பேட்டைக்கு போய் பேப்பரை பார்க்க, இன்னொரு நாள் கூரையில் தண்ணீர் அடித்துப் பார்க்க. அந்த 2 நாள் கொடுக்க மறுத்தால் அந்த வண்டியே வேண்டாம்.