நூறு எச்.பி. மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் ஐசொலேட்டர்?

மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை அடியோடு துண்டித்து, துண்டித்த நிலையிலேயே பூட்டி வைக்க உதவும் சுவிட்சுதான் ஐசொலேட்டர். அன்றாடம் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஸ்டார்ட்டரின் வேலை. ஃபிட்டர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, விவரம் தெரியாத ஒருவர் பச்சைப் பட்டனை அழுத்தினாலும் தண்டு அசையக் கூடாது. அந்த உறுதியைத் தருவது ஐசொலேட்டர் மட்டுமே. மோட்டாருக்கு அருகிலேயே, கைக்கு எட்டும் இடத்தில், போதிய திறனுள்ள சுவிட்ச் இருக்க வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. ‘போதிய திறன்’ எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

லட்சுமி மில்லும் லாயல் மில்லும் எழுந்த கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளலாம். கரிசல் வட்டாரத்து நூற்பாலையின் கம்பிரசரிலோ ஈரப்பதக் கூடத்துப் பெரிய விசிறியிலோ 75 கிலோவாட், அதாவது 100 எச்.பி. மோட்டார் புதிதல்ல. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில், 95 விழுக்காடு செயல்திறனும் 0.86 திறன்காரணியும் கொண்ட அத்தகைய மோட்டார் முழுச் சுமையில் சுமார் 128 ஆம்பியர் இழுக்கும். அமெரிக்க விதி இதன் மேல் 15 விழுக்காடு கூட்டச் சொல்கிறது: 147 ஆம்பியர். கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 160. பல இடங்களில் கணக்கு இத்தோடு முடிந்துவிடுகிறது, முடியக் கூடாது.

ஐஇசி 60947-3 தரத்தின்படி ஒரே சுவிட்சுக்கு ஒவ்வொரு பயன்பாட்டுப் பிரிவிலும் வெவ்வேறு ஆம்பியர் மதிப்பு இருக்கலாம். ஏசி-20 என்றால் சுமையே இல்லாதபோது மட்டும் இயக்கலாம். ஏசி-21 ஹீட்டர் போன்ற சுமைகளுக்கு, ஏசி-22 கலப்புச் சுமைகளுக்கு, ஏசி-23 மோட்டாருக்கு. முகப்பில் 160 என்று பெரிதாகப் பொறித்திருந்தாலும், பக்கவாட்டுத் தகட்டில் ஏசி-23க்கு நேரே அதைவிடச் சிறிய எண் இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எண்ணைத்தான்.

காரணத்தை ஜின்னிங் ஆலையில் காணலாம். ஈரமான பருத்தி சிக்கி உருளை நின்றுபோனால், மோட்டார் முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல 6 மடங்கு, சுமார் 770 ஆம்பியர் இழுக்கும். ஓவர்லோடு ரிலே விழுவதற்குள் பதறிப்போன ஆள் கைப்பிடியை இழுப்பார். ஏசி-22 சுவிட்ச் தன் மதிப்பைப் போல 3 மடங்கைத் துண்டிக்கவே சோதிக்கப்பட்டது. 160க்கு அது 480. உள்ளே மின்வில் அணையாமல் நின்று எரியக்கூடும். ஏசி-23 சுவிட்ச் 8 மடங்கைத் துண்டிக்கும், 1,280 வரை. தொடக்க மின்னோட்டத்தைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருப்பதால் பயமில்லை என்ற வாதம் இங்கே செல்லாது. ஓடும்போது மோட்டார் டெல்டாவில்தான் இருக்கிறது; சிக்கினால் குறைப்பு ஏதும் கிடையாது.

அதே ஸ்டார்-டெல்டாவில் ஐசொலேட்டரை ஸ்டார்ட்டருக்குப் பிறகு, மோட்டாரை ஒட்டி வைத்தால், ஆறு வயர்களையும் துண்டிக்கும் ஆறு முனைச் சுவிட்ச் தேவை. ஒவ்வொரு முனையிலும் முழுச் சுமை மின்னோட்டத்தில் 58 விழுக்காடு, சுமார் 74 ஆம்பியர்தான் ஓடும். மூன்றை மட்டும் துண்டித்து மிச்சம் பிடிப்பது ஆபத்தான சிக்கனம்.

100 எச்.பி.க்கு மேற்பட்ட மோட்டார்களுக்கு அமெரிக்க விதி ஒரு சலுகை தருகிறது: ‘சுமையில் இயக்காதீர்’ என்று தெளிவாக எழுதி வைத்தால் வெறும் தனிமைப்படுத்தும் சுவிட்ச் போதும். மோட்டாரைக் கான்டாக்டர் நிறுத்திய பின்னரே கைப்பிடியைத் தொடும் கட்டுப்பாடுள்ள ஆலைக்கு அது பொருந்தும். மற்ற இடங்களில், எழுதி ஒட்டிய தாளை நம்புவதைவிட ஏசி-23 சுவிட்ச் வாங்குவதே மேல்.

ஃப்யூஸோடு சேர்ந்த எஸ்.எஃப்.யு. என்றால் கணக்கு இன்னொரு படி ஏறும். தொடக்க மின்னோட்டத்தில் எரிந்துபோகாமல் நிற்க, இந்த மோட்டாருக்கு 200 அல்லது 250 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃப்யூஸ் தேவைப்படும். அந்த ஃப்யூஸ் 160 ஆம்பியர் சுவிட்சின் சட்டத்தில் உட்காராது. 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் வாயிலில் ஷார்ட் ஆனால் சுமார் 15 கிலோ ஆம்பியர் பாயும். சுவிட்சும் ஃப்யூஸும் சேர்ந்து அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சான்று தந்திருக்க வேண்டும்.

இந்த மதிப்புகளெல்லாம் 40 டிகிரி செல்சியஸுக்கு மிகாத சூழலுக்கு உரியவை. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டும். பெட்டிக்குள் வைத்த சுவிட்சின் மதிப்பு தனி, அது குறைவு. பஞ்சுத்தூசியைத் தடுக்க ஐபி 65 பெட்டி போட்டால், தூசி நுழையாத இடத்தில் காற்றும் நுழையாது, சூடு தங்கும். தளர்ந்த லக்கின் மேல் படிந்த பஞ்சு கருகத் தொடங்கினால் தீ பிடிக்க அதிக நேரம் ஆகாது. பருவத்துக்குப் பருவம் ஓடும் ஜின்னிங் ஆலையில், மாதக்கணக்கில் அசையாத தொடுமுனைகளைச் சீசனுக்கு முன் மின்சாரமின்றிச் சில முறை இயக்கிப் பார்ப்பது நல்லது.

வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்திய மோட்டாரில் தொடக்கப் பாய்ச்சல் இல்லை. ஆனால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஐசொலேட்டர் இருந்தால், ஓட்டத்தில் திறப்பது டிரைவைக் கெடுக்கும். அங்கே முதன்மை முனைகளுக்கு முன்பே திறக்கும் துணைத் தொடுமுனை கொண்ட சுவிட்ச் வேண்டும். அதன் சிக்னல் டிரைவை முதலில் நிறுத்திவிடும்.