ஆளை அறிந்து வேலை ஒப்படைப்போம்

விதை வாங்கும் விவசாயி அதை உடனே நிலத்தில் விதைத்துவிடுவதில்லை. நூறு விதைகளை எண்ணி, ஈரத் துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று பார்த்த பின்னரே நாற்றங்காலுக்குக் கொண்டு செல்கிறார். நெசவாளர் நெய்து தரும் துணியையும் சங்கத்தில் நீள அகலம் அளந்து, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிய பின்னரே கூலி வழங்குகிறோம். இவ்வளவு கவனமுள்ள நாம், வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வீடு கட்டத் தொடங்கும்போதும், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைக் கவனிக்க ஒருவரை அமர்த்தும்போதும், “நல்லவர் என்று யாரோ சொன்னார்” என்பதையே ஆதாரமாகக் கொண்டு முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

திருக்குறளின் 51ஆவது அதிகாரத்தின் பெயர் ‘தெரிந்து தெளிதல்’. அதையடுத்து வருவது ‘தெரிந்து வினையாடல்’. முதலில் ஆராய்தல், பிறகு நம்புதல், அதன் பின்னரே வேலையை ஒப்படைத்தல் என்பதே முறை. அரசனுக்குச் சொன்ன இம்முறை இல்லறத்தாருக்கும் பொருந்தும். முன்பணம் கைமாறிய பிறகு எழும் சந்தேகத்தால் மனவருத்தமே மிஞ்சும்.

வீடு கட்டித் தருபவர்

மேஸ்திரியின் பேச்சைக் கேட்பதைவிட அவர் கட்டிய சுவரைப் பார்ப்பதே மேல். அவர் கட்டிய வீடுகளில் மூன்றையேனும் நேரில் காண வேண்டும். ஒன்று முடிந்து இரண்டு மூன்று மழைக்காலம் கண்டதாகவும், ஒன்று அண்மையில் முடிந்ததாகவும், மற்றொன்று இப்போது வேலை நடப்பதாகவும் இருத்தல் நலம். பழைய வீட்டில் கூரையின் ஒழுக்கும் சுவரின் ஓதமும் தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் “முதலில் சொன்ன தொகைக்குள் முடித்தாரா? குறை சொன்னபோது திரும்பி வந்து சரி செய்தாரா?” என்று கேளுங்கள்.

வேலை நடக்குமிடத்தில் கவனிக்க வேண்டியவை பல. சாதாரண சிமெண்டுக் கான்கிரீட்டை 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் 10 நாட்களும் குறையாமல் ஈரமாகவே வைத்திருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அவர் தளம் அவ்வாறு நனைந்திருக்கிறதா? சிமெண்டு மூட்டைகள் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? அவர் வாங்கும் செங்கல்லில் ஒன்றை உலர்ந்த நிலையில் நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 3 கிலோ எடையுள்ள கல் 600 கிராமுக்கு மேல் நீரை உறிஞ்சினால் அது நல்ல கல் அன்று.

குழித்தறி அமைக்கும் நெசவாளர்கள், தறிக்குழி உள்ள வீட்டை முன்பு கட்டியிருக்கிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். குழியில் ஈரம் கசிந்தால் பாவும் கெடும். நாள் முழுதும் அதில் கால் வைத்து நெய்பவரின் உடல்நலமும் கெடும்.

பணமும் பத்திரமும்

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா. சதுர அடிக்கு என்ன விகிதம். எந்தச் சிமெண்டு, எந்தக் கம்பி. எவை கூடுதல் வேலையாகக் கருதப்படும். எந்தத் தேதிக்குள் முடியும் என்பவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அரசு வீட்டு வசதித் திட்டங்களில் வேலையின் கட்டத்துக்கு ஏற்பவே பணம் விடுவிக்கப்படுகிறது. நாமும் அஸ்திவாரம், நிலை மட்டம், கூரை, பூச்சு என்று பிரித்து, முடிந்த வேலைக்கே பணம் தருவோம். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழிந்த பின் தருவதாயின், அதையும் முன்கூட்டியே எழுதிவிடுவதே நேர்மை.

தகராறு நேர்ந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் வீட்டில் நாமே சம்பளத்துக்கு அமர்த்தும் ஒருவரின் தனிப்பட்ட ஊழியம் அச்சட்டத்தில் அடங்காது. ஆகவே அங்கே முன்விசாரணை இன்னும் அவசியமாகிறது.

நோயாளியைக் கவனிப்பவர்

நோயாளிக்கு என்ன தேவை என்பதை மருத்துவரிடம் கேட்டு முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல் போன்றவை செவிலியரின் வேலை. அவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். குளிப்பாட்டுதல், ஊட்டுதல், நடக்கத் துணை செய்தல் ஆகியவற்றுக்குப் பழகிய உதவியாளர் போதும்.

வருபவரிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பீர்கள்? புரை ஏறுபவருக்கு எப்படிக் கஞ்சி ஊட்டுவீர்கள்? படுக்கைப் புண் வராதிருக்கச் சுமார் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பதும், தலையையும் மார்பையும் நிமிர்த்தி வைத்துச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும் என்பதும் அனுபவமுள்ளவருக்குத் தெரியும்.

முன்பு வேலை செய்த இரண்டு வீடுகளையேனும் விசாரியுங்கள். “நல்லவரா?” என்றால் “ஆம்” என்றே பதில் வரும். “ஏன் நின்றார்? மீண்டும் தேவைப்பட்டால் அவரையே அழைப்பீர்களா?” என்று கேட்டால் உண்மை வெளிப்படும். அடையாளச் சான்றைப் பார்ப்பதோடு, அவருக்குத் தெரிவித்துவிட்டே காவல் துறைச் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஊர், சாதி, மொழி ஆகியவை திறமைக்கு அளவுகோல் அல்ல.

முதல் வாரம் வீட்டார் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அதன் பின்னரும் நோயாளியின் முதுகையும் குதிகாலையும் நாமே பார்த்துவர வேண்டும். அவரிடம் தனியாகப் பேச வேண்டும். வாய் பேச இயலாதவராயின், பணியாளர் அருகில் வரும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். முதியோர்க்கு இன்னல் நேரின் 14567 என்ற உதவி எண் உண்டு.

நம் கடமை

வேலைக்கு வருபவரும் நம்மை ஆராய்கிறார் என்பதை மறத்தலாகாது. உரிய சம்பளம், நேரத்துக்கு உணவு, வார விடுமுறை, இரவில் சில மணி நேரமேனும் உறக்கம் ஆகியவற்றை நாம் தருதல் வேண்டும். உறக்கமில்லாதவர் கையில் நோயாளிக்குப் பாதுகாப்பில்லை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இலும், வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இலும் அமைந்தன. நம்மிடம் வருபவர் பதிவு செய்திராவிடில், பதிவு செய்ய உதவுவோம். ஆராய்ந்து நம்பிய பின், ஒரு கரண்டி காணவில்லை என்பதற்காகப் பழி சுமத்துதல் தகாது.

இவ்விசாரணை தனி ஒருவருக்குப் பாரமாகத் தோன்றலாம்; சங்கத்துக்கு அது எளிது. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு குறிப்பேடு வைப்போம். வீடு கட்டிய உறுப்பினரும், ஆள் அமர்த்திய உறுப்பினரும் தாம் நேரில் கண்டதை மட்டும் தேதியிட்டு அதில் எழுதட்டும். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். குறை எழுதினால் சம்பந்தப்பட்டவருக்கும் காட்டி, அவர் பதிலையும் பதிவு செய்வோம். நல்ல தொழிலாளிக்கு அக்குறிப்பேடே நற்சான்றாகும். உறுப்பினரின் சேமிப்புக்கும் அவர் வீட்டு முதியோருக்கும் அதுவே காவலாகும். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.