ஐரோப்பாவில் மாநாடா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

‘உங்கள் ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டது’ என்று மெயில் வந்ததுமே பலரும் விமான டிக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். ஆனால், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசா. மாநாட்டு அழைப்புக் கடிதம் ஓர் ஆதாரம் மட்டுமே. அது கையில் இருந்தாலும் விசா மறுக்கப்படலாம்.

எப்போ விண்ணப்பிக்கணும்?

ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள். கூடுதல் பரிசீலனை என்றால் 45 நாள் வரை ஆகும். எனவே, கடைசி மாதம் வரை காத்திருக்காதீங்க.

எந்த நாட்டுக்கு?

மாநாடு வியன்னாவில், விமானம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக என்றால் ஆஸ்திரிய விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஜெர்மனிக்கு அல்ல.

என்னென்ன தேவை?

* கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 பக்கங்கள் காலியாக இருக்கணும்.
* குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு.
* அழைப்புக் கடிதம், அலுவலக விடுப்புக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், தங்குமிட விவரம்.

செலவு?

பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்காது. டிக்கெட் பணமும் சேர்ந்து போகாமல் இருக்க, ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டையே எடுங்க.

கிளம்பும்போது ஒரு விஷயம்: வியன்னா போகிறவருக்கும் குடியேற்றச் சோதனை ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நடந்துவிடும். ஆவணங்களைப் பெரிய பெட்டியில் போடாம, கைப்பையில் வைங்க.