சோதனையிலும் சோராத விசுவாசம்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றால மலையிலிருந்து இறங்கி வரும் காற்று நம் பாவூர்சத்திரத்தையும் விட்டுவைப்பதில்லை. சாரலோடு சேர்ந்து அது சுழன்றடிக்கும்போது, நேற்றுவரை தழைத்து நின்ற முருங்கை கிளை முறிந்து விழுகிறது. பக்கத்தில் நிற்கும் பனையோ ஆடுகிறது, ஓலமிடுகிறது, ஆனால் விழுவதில்லை. காற்றில்லாத நாளில் இரண்டும் ஒன்று போலவே உறுதியாகத் தோன்றும். விசுவாசமும் அத்தகையதே. வீட்டில் குறைவில்லாத நாளில் யாரும் ஜெபமாலை சொல்லலாம். துன்பம் வந்த பின்னும், கேட்டது கிடைக்காத பின்னும், அதே ஜெபமாலையைக் கையில் எடுக்க முடிகிறதா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடி நாம் உரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. திருநெல்வேலி சென்று நாகர்கோவில் பேருந்தில் ஏறினால், காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வரும். அதனருகே உள்ள காற்றாடிமலையில்தான் 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தேவசகாயம் என்னும் மனிதர் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குருவல்லர், துறவியல்லர். மணமான குடும்பத் தலைவர். இன்று அவர் புனிதர் வரிசையில் இருக்கிறார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

அரண்மனை அலுவலர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியான நாயர் குடும்பம். திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அவர் அலுவலராக உயர்ந்தார். பார்கவி என்னும் பெண்ணை மணந்தார்.

1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தார். அப்போது பிடிபட்ட டிலனாய் என்னும் தளபதி, பின்னர் மன்னரின் நம்பிக்கையைப் பெற்று அவருடைய படைக்கே பயிற்சி அளிக்கும் அதிகாரியானார். டிலனாய் கத்தோலிக்கர். நீலகண்டனுக்கும் அவருக்கும் நட்பு மலர்ந்தது.

அந்நாட்களில் நீலகண்டன் ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகளைச் சந்தித்தார். ஆடுமாடுகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது. தெய்வம் தம்மைத் தண்டிக்கிறதோ என்று கலங்கிய நண்பருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துக் கூறினார். யோபு நீதிமான். எனினும் மந்தையை இழந்தார், மக்களை இழந்தார், உடல் நலத்தையும் இழந்தார். பாவம் செய்ததால்தான் இந்தத் தண்டனை என்று நண்பர்கள் வாதாடியபோது அவர் அதை ஏற்கவில்லை. அதே வேளையில் இறைவனை விட்டு விலகவும் இல்லை. துன்பம் தண்டனையன்று என்னும் இந்த எண்ணம் நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது.

1745-ஆம் ஆண்டு மே மாதம் அவர் எல்லை தாண்டி நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திற்கு வந்தார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அவருக்குப் பெயரிட்டார்கள். அவருடைய துணைவியாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

ஆயிரத்து ஐம்பத்தைந்து காலைகள்

அரண்மனை அலுவலர் ஒருவர் மதம் மாறியதும், சாதி வேற்றுமை பாராமல் எல்லோருடனும் சமமாகப் பழகியதும் அதிகாரத்தில் இருந்த பலருக்குப் பொறுக்கவில்லை. அவர்மேல் குற்றங்கள் சாட்டப்பட்டன. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அவர் சிறைப்பட்டார்.

அதன் பின் நடந்தவற்றைக் குமரி மாவட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். எருக்கம்பூ மாலையிட்டு, எருமையின்மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். கசையால் அடித்தார்கள், புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் வாடி அவர் ஜெபித்த பாறையில் நீர் சுரந்தது என்பது மரபு. அந்தப் பாறையை இன்றும் முட்டிடிச்சான் பாறை என்றே அழைக்கிறார்கள்.

சிறைப்பட்ட நாள் முதல் உயிர் நீத்த நாள் வரை கணக்கிட்டுப் பார்த்தோம். 1,055 நாட்கள் வருகின்றன. இதுவே எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது. மறைசாட்சி என்றதும் வாளும் துப்பாக்கியும் ஒரு நொடி வீரமும் நம் கண்முன் வருகின்றன. ஒரு நொடி வீரம் கொள்ளப் பலரால் முடியும். ஆனால் தேவசகாயத்துக்கு 1,055 காலைகள் விடிந்தன. ஒவ்வொரு காலையிலும், "நான் இந்த விசுவாசத்தை விட்டுவிடுகிறேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீடும் பதவியும் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு காலையிலும் அவர் அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தார். நிலைத்திருத்தல் என்பது இதுதான். அது ஒருமுறை எடுத்து முடித்த தீர்மானமன்று. நாள்தோறும் புதிதாக எடுக்க வேண்டிய தீர்மானம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யோபுவின் வரலாறு மகிழ்ச்சியில் முடிகிறது. இழந்த மந்தைகள் இரட்டிப்பாகத் திரும்புகின்றன. தேவசகாயத்துக்கு அப்படி எதுவும் இவ்வுலகில் திரும்பவில்லை. வயது நாற்பது நிறையுமுன் காற்றாடிமலையில் உயிர் நீத்தார். ஆகவே விசுவாசம் என்பது கொடுத்து வாங்கும் வியாபாரமன்று. "நான் ஜெபிக்கிறேன், நீர் தாரும்" என்பதோடு நின்றுவிட்டால், தராத அன்று அது முறிந்துபோகும். தந்தாலும் தராவிட்டாலும் நீரே என் தந்தை என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேர் ஆழத்தில் இருக்கிறது.

ஞானப்பூ அம்மையார்

பெண் பிள்ளைகளாகிய நாம் ஞானப்பூ அம்மையாரை மறந்துவிடலாகாது. கணவர் மறைந்த பின் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பவில்லை. தாம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலேயே விதவையாக வாழ்ந்து, அங்கேயே மறைந்தார். அவருடைய கல்லறை அவ்வூரில் உள்ளது. அவரை யாரும் மரத்தில் கட்டவில்லை. அவர்மேல் யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. ஆயினும் உறவும் ஊரும் இழந்து, தனிமையில் விசுவாசத்தைக் காத்த அந்த நாட்கள் எளியனவா? சாவதற்குத் துணிவு வேண்டும். இழந்த பின் வாழ்வதற்கும் அதே துணிவு வேண்டும். நம் வீடுகளில் தாய்மார் பலர் காட்டுவது இந்த இரண்டாம் வகைத் துணிவே.

மற்ற இடங்களில்

அக்கரையிலும் இதுபோன்ற வரலாறு உண்டு. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் அங்கே கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் மக்கள் குருக்கள் இல்லாமலே வீடுகளில் மறைவாக ஜெபித்து வந்தார்கள். 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். பின்பு கண்டிக்குச் சென்றபோது ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆனால் அதே நகரில் 1697-இல் பெரியம்மை பரவியபோது நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்தவர் அவரே. கண்டியின் பௌத்த மன்னர் அவருடைய தொண்டைக் கண்டு உரிமை அளித்தார்.

தடை விதித்த டச்சுக்காரர் கிறிஸ்தவர். இடம் அளித்த மன்னர் பௌத்தர். ஆகவே கொடுமையும் கருணையும் எந்த ஒரு மதத்தாருக்கும் தனியுடைமையல்ல. நம் வகுப்பில் இந்துத் தோழியரும் இஸ்லாமியத் தோழியரும் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறார்கள். நம் விசுவாசத்தில் உறுதியாய் இருப்பது என்றால் பிறர் விசுவாசத்தை இகழ்வது என்று பொருளாகாது. இகழ்ச்சி உள்ள இடத்தில் உறுதி இல்லை, அச்சமே இருக்கிறது.

நம் காலத்துச் சோதனை

இன்று நம்மை யாரும் எருமைமேல் ஏற்றுவதில்லை. ஆனால் சோதனை வேறு உருவில் வருகிறது. 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் ஊரடங்கு வந்தபோது நாங்கள் சிறு வகுப்புப் பிள்ளைகள். ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழா. கோவில் கதவுகள் மூடியிருந்தன. வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக் குடும்பமாக ஜெபித்தோம். அந்தத் தொற்றுக் காலத்தில் இரவும் பகலும் ஜெபித்தும், வீட்டில் ஒருவரை இழந்த குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய், "நீங்கள் சரியாக ஜெபிக்கவில்லை" என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? யோபுவின் நண்பர்கள் செய்த பிழை அதுவன்றோ! அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்வதே நாம் செய்யக்கூடியது.

பீடி சுற்றிக்கொண்டே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார் நம் சுற்றுப்புறத்தில் எத்தனை பேர்! விரல்கள் இலையை மடிக்க, உதடுகள் அருள் நிறை மந்திரம் சொல்ல, இரவு பத்து மணிக்கும் விளக்கு எரிகிறது. வேலைக்காக வெளியூர் சென்ற தந்தையர், நோயுற்ற பாட்டிகள், கடன், தேர்வில் தோல்வி என்று நமக்கும் 1,055 காலைகள் உண்டு. அவற்றைத் தாண்டத் தேவசகாயத்தின் வாழ்விலிருந்து மூன்று வழிகளைக் கற்கிறோம். முதலாவது, துன்பத்தைத் தண்டனை என்று எண்ணாதிருத்தல். இரண்டாவது, மனம் விரும்பாத நாளிலும் சிறு ஜெபத்தையேனும் விடாதிருத்தல். மூன்றாவது, தனித்து நில்லாதிருத்தல். அவருக்கு ஒரு டிலனாயும் ஒரு பரஞ்சோதிநாதரும் ஒரு ஞானப்பூவும் வேண்டியிருந்தார்கள். நமக்கும் மனம் திறந்து பேச ஒரு தோழி, ஒரு சிஸ்டர், ஒரு தாய் வேண்டும்.

மக்களின் பொறுமை

தேவசகாயத்தின் உடலில் எஞ்சியவற்றை மக்கள் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அன்று முதல் அந்தக் கல்லறையில் ஜெபம் நிற்கவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று புனிதரான பதின்மருள், நாசிகளின் சிறைமுகாமில் 1942-இல் கொல்லப்பட்ட டச்சுக் குரு டைட்டஸ் பிரான்ட்ஸ்மாவும் ஒருவர்.

1752 முதல் 2022 வரை 270 ஆண்டுகள்! பட்டம் வருமுன்பே, பாராட்டு வருமுன்பே, பெயர் தெரியாத எளிய மக்கள் காற்றாடிமலைக்கு நடந்து சென்று மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். அவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நாம் இன்று அவரை அறிந்திருக்க மாட்டோம். தோழியரே, அந்த வரிசையில் இப்போது நம் முறை. நாளைக் காலை எழுந்ததும், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிலுவை அடையாளம் வரைந்து நாளைத் தொடங்குவோம். ஆயிரம் காலைகளும் அந்த ஒரு காலையில்தான் தொடங்குகின்றன.