கண்ணில் படாத குழு

வீட்டிலிருந்து வேலை செய்யும் குழுவை நடத்துவதில் முதல் சிக்கல், யாரும் யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான். அலுவலகத்தில் ஒரு மேலாளர் யாரையும் கேட்காமலேயே பல செய்திகளைத் தெரிந்துகொள்கிறார். எப்போதும் கலகலப்பாக இருப்பவர் இரண்டு நாளாகப் பேசவில்லை, ஒரே வேலையை இருவர் தனித்தனியே செய்துகொண்டிருக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர் மதியம் தனியாகச் சாப்பிடுகிறார். இவையெல்லாம் அந்தப் பக்கம் நடந்து போகும்போதே தெரிந்துவிடும். எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்ததும் இந்தச் செய்திகள் மொத்தமாக நின்றுவிடுகின்றன. அவற்றை வேறு வழியில் வரவழைப்பதே மேலாளரின் புதிய வேலை.

வீட்டிலிருந்து வேலை என்ற யோசனை கொரோனா காலத்தில் பிறந்ததல்ல. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜாக் நில்ஸ், 1973 வாக்கிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்களை வீட்டுக்கு அருகில் வேலை செய்ய வைத்துச் சோதித்துப் பார்த்தார். சாலை நெரிசலும் எரிபொருள் செலவும் குறையுமா என்பதே அவருடைய கேள்வி. வீட்டில் இருப்பவர் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க இன்னும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின.

அந்த விடை சீனாவிலிருந்து வந்தது. ஷாங்காயில் உள்ள சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமுடன் சேர்ந்து, 2010 இறுதியில் தன் கால் சென்டரில் ஒரு சோதனையைத் தொடங்கியது. விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியுள்ள 249 பேரை எடுத்துக்கொண்டு, பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணாக இருந்தவர்களை வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கம்போல அலுவலகம் வந்தார்கள். 9 மாதம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. அதில் பெரும்பங்கு, இடைவேளையும் உடல்நல விடுப்பும் குறைந்து வேலை நேரம் கூடியதால் வந்தது. மீதி, அமைதியான இடத்தில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைப் பேசி முடித்ததால் வந்தது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கையும் பாதியாகக் குறைந்தது.

வீட்டில் விட்டால் ஆட்கள் தூங்கிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. ஆனால் மேலாளர்கள் படிக்க வேண்டிய பகுதி அதன் பிறகுதான் வருகிறது. ஒரே அளவு வேலை செய்து காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்திருந்தது. சோதனை முடிந்து, வீடா அலுவலகமா என்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் முக்கியமாகச் சொன்ன குறை தனிமை. ஆக, வீட்டில் இருப்பவர் வேலை செய்வாரா என்று மேலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் மறக்கப்படுகிறாரா, தனித்து விடப்படுகிறாரா என்றே கவலைப்பட வேண்டும்.

பல நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்தன. கீபோர்டில் எத்தனை தட்டு, திரையில் என்ன ஓடுகிறது என்று பதிவு செய்யும் மென்பொருள்களை 2020க்குப் பிறகு வாங்கிப் போட்டன. பதிலுக்கு, மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் கருவிகளைச் சில ஊழியர்கள் வாங்கினார்கள். இப்படிக் கண்காணிப்பதால் மேலாளருக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை; குழுவில் இருக்கும் நேர்மையானவர்களின் மனம்தான் புண்படுகிறது. திங்கட்கிழமை எந்த வேலை யாரிடம், என்றைக்குள் முடிய வேண்டும், முடிந்தது என்பதற்கு அடையாளம் என்ன என்று எழுதி வைத்தால், வெள்ளிக்கிழமை வேலையே பதில் சொல்லிவிடும்.

எழுதி வைப்பதுதான் தொலைவிலிருந்து நடக்கும் குழுவுக்கு அடித்தளம். அலுவலகத்தில் டீ குடிக்கும்போது எடுத்த முடிவு நாலு பேர் காதில் விழுந்து எல்லோருக்கும் போய்ச் சேரும். வீட்டில் இருப்பவருக்கு அது எட்டவே எட்டாது. கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம் தொடக்கம் முதல் எல்லோரும் தொலைவிலிருந்தே வேலை செய்யும் நிறுவனம். விடுப்பு எடுப்பது முதல் கூட்டம் நடத்துவது வரை எல்லா நடைமுறைகளையும் ஒரு கையேட்டில் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த அளவு எல்லோராலும் முடியாது. ஆனால் போனில் எடுத்த முடிவை இரண்டு வரியில் குழுவுக்கு எழுதிப் போடுவது எந்தக் குழுவாலும் முடியும்.

கூட்டங்களைப் பெருக்குவது இதற்கு மாற்றாகாது. காணொளிக் கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: பல முகங்கள் மிக அருகிலிருந்து உற்றுப் பார்ப்பது போன்ற உணர்வு, தன் முகத்தையே ஓயாமல் பார்ப்பது, அசையாமல் உட்கார்ந்திருப்பது, தலையசைப்பையும் முகக்குறிப்பையும் முயன்று காட்டவும் புரிந்துகொள்ளவும் வேண்டியிருப்பது. கேமராவைப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினாலே இந்தக் களைப்பு குறையும். கேமராவை அணைத்து வைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சென்னையில் இரண்டு அறை வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே நேரத்தில் மீட்டிங், நடுவில் குழந்தையின் பாடம், பக்கத்தில் சமையலறைச் சத்தம். ஊருக்குப் போய் வேலை செய்பவருக்குச் சிக்னல் மொட்டைமாடியில்தான் கிடைக்கும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. இந்தச் சுமையின் பெரும்பகுதி பெண்கள் தலையில் விழுகிறது. யாருக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டறிந்து, எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டிய நேரத்தை இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருக்கிக்கொள்வது நல்ல ஏற்பாடு.

குழுவில் ஒவ்வொருவரிடமும் வாரம் ஒருமுறை தனியாகப் பேசுவதைப் போலப் பயன் தருவது வேறில்லை. அரை மணி நேரம் போதும். “வேலை எப்படிப் போகுது?” என்று கேட்டால் “நல்லாப் போகுது சார்” என்ற பதில்தான் வரும். “இந்த வாரம் எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்க? நான் யார்கிட்டயாவது பேசணுமா?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். அவசர வேலை வந்துவிட்டது என்று முதலில் தள்ளிப்போடப்படுவதும் இந்தப் பேச்சுதான். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

புதிதாகச் சேர்பவர்களுக்கு இதுவும் போதாது. மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,000க்கும் மேற்பட்டோரின் 2020 முதல் பாதிக் காலத் தகவல் தொடர்புகளை ஆராய்ந்தபோது, முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை என்றானதும் தங்கள் குழுவுக்கு வெளியே உள்ளவர்களோடு பழகுவது குறைந்தது தெரிந்தது. பழையவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கொண்டு சமாளிப்பார்கள். புதியவருக்கு யாரையும் தெரியாது. சின்னச் சந்தேகத்தைக் கேட்கவும் தயங்குவார். முதல் மூன்று மாதமாவது, மேலாளர் அல்லாத ஒரு மூத்தவரை அவருக்குத் துணையாக வைத்து, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று இருவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

வேலை எப்போது முடிகிறது என்பதும் வீட்டில் மங்கிப்போகிறது. பிரான்சில் 2017 முதல், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2022 முதல், அந்த நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. தனித்திருப்பதைக் குறைக்க அவ்வப்போது நேரில் சந்திக்க வைக்கவும் அந்தச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் இது பெரும்பாலும் மேலாளரின் பழக்கத்தைப் பொறுத்தது. இரவு 10 மணிக்கு அவர் வாட்ஸ்அப்பில் போடும் செய்தி, காலையில் பார்த்தால் போதும் என்று சொன்னாலும், உடனே பார்க்கப்படும். அதைக் காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கும் வசதி பெரும்பாலான அலுவலகச் செயலிகளில் இருக்கிறது.

டிரிப்.காம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே சிட்ரிப் நிறுவனம் பின்னர் 1,612 ஊழியர்களிடம் இன்னொரு சோதனை நடத்தியது. இம்முறை புதனும் வெள்ளியும் மட்டும் வீடு, மற்ற நாள் அலுவலகம். 2024இல் வெளியான முடிவின்படி, வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும் வேலை மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வேறுபாடு தெரியவில்லை. இந்தக் கலப்பு முறைக்கு மாறும் குழுக்கள், எல்லோரும் ஒரே நாளில் அலுவலகம் வரும்படி பார்த்துக்கொள்வது அவசியம். ஆளுக்கொரு நாள் வந்தால், அலுவலகத்துக்கு வந்தும் வீடியோவில்தான் பேச வேண்டியிருக்கும். சிலர் அறையிலும் சிலர் வீட்டிலும் இருந்து கூட்டம் நடத்தியே தீர வேண்டும் என்றால், அறையில் இருப்பவர்களும் அவரவர் லேப்டாப்பிலிருந்தே கலந்துகொள்ளலாம்; முதலில் பேசும் வாய்ப்பை வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்கலாம்.