பத்துக்கு ஒன்று பூச்சிக்கு

கனடாவில் 2010-இல் விற்பனைக்கு வந்த ஒரு கோதுமை விதையின் பெயர் ‘யூனிட்டி வி.பி.’ அந்த ‘வி.பி.’ என்னவென்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு. ‘வெரைட்டல் பிளெண்ட்’, அதாவது ரகக் கலப்பு. மூட்டையில் 100 விதை இருந்தால் 90 விதை பூச்சியைத் தாங்கும் ரகம். மீதி 10 விதை, பூச்சி தின்னட்டும் என்று வேண்டுமென்றே கலந்தது. காசு கொடுத்து வாங்குகிற விதையில் பூச்சிக்கு எதற்குப் பங்கு? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம். சிட்டோடிப்ளோசிஸ் மொசெல்லானா என்ற சின்ன ஈ. ஆரஞ்சு நிறம், 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். சாயங்காலம் காற்று அடங்கியதும் பெண் ஈ கோதுமைக் கதிருக்கு வந்து முட்டையிடும். பொரித்து வரும் புழு, பால் பிடிக்கும் மணியின் மேல் ஒட்டிக்கொண்டு 2, 3 வாரம் சாற்றை உறிஞ்சும். மணி சுருங்கிப் போகும். பிறகு மழை ஈரம் கண்டதும் புழு கீழே விழுந்து, மண்ணுக்குள் கூடு கட்டித் தூங்கிவிடும். சில புழுக்கள் பல வருஷம்கூட அப்படியே கிடக்கும். 1983-இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடகிழக்குப் பகுதியில் இது பெருகியபோது நஷ்டம் சுமார் 3 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள்.

மருந்து அடிக்கலாமே என்றால், அது அவ்வளவு சுலபமில்லை. புழு பூவின் உமிக்குள் ஒளிந்திருக்கும். மருந்து அங்கே போகாது. ஈ வெளியே வரும் சில நாள் மாலைகளைக் குறிவைத்து அடிக்க வேண்டும். அப்படி அடித்தால், இந்த ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் ஒரு குட்டிக் குளவியும் சேர்ந்து சாகும்.

இங்கேதான் எஸ்.எம்.1 என்ற மரபணு வருகிறது. இது கோதுமையிலேயே இருப்பது. வேறு உயிரிலிருந்து எடுத்து ஒட்டியது அல்ல; ஒட்டுக்கலப்பு செய்து பழைய முறையிலேயே ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். இந்த மரபணு உள்ள மணியைப் புழு கடிக்கத் தொடங்கியதும், மணியில் ஃபெருலிக் அமிலம் போன்ற பீனாலிக் அமிலங்கள் வேகமாக ஏறுகின்றன. புழுவுக்கு வாய் வைக்க முடிவதில்லை. பட்டினியில் செத்துப்போகிறது. ‘அப்போ அந்த அமிலம் நம் சப்பாத்திக்கும் வருமா?’ என்று கேட்பீர்கள். வராது. மணி முற்றுவதற்குள் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஃபெருலிக் அமிலம் எப்படியும் எல்லாக் கோதுமையிலும் கொஞ்சம் இருப்பதுதான்.

இவ்வளவு நல்ல மரபணு கையில் இருக்கும்போது 100-க்கு 100 அதையே விதைத்தால் என்ன? அதற்கான பதில் வேறொரு கோதுமைப் பூச்சியிடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹெஸ்ஸியன் ஈ. அதற்கு எதிராக 30-க்கும் மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏன் அத்தனை தேவைப்பட்டது? ஒன்றைப் பரவலாக விதைத்த சில வருஷங்களிலேயே அதைத் தாண்டும் ஈக்கள் பெருகிவிட்டன. கோதுமையின் ஒரு எதிர்ப்பு மரபணுவுக்கு ஈயில் ஒரு மரபணு பதில் சொல்கிறது என்பதை ஹாட்செட், கல்லன் என்ற இருவர் 1970-இல் காட்டினார்கள். தாண்டும் குணம் அங்கே பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் பலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் புழு சாகும்.

ஹெஸ்ஸியன் ஈக்கு ஒன்று போனால் இன்னொன்று உண்டு. ஆரஞ்சு ஈக்கு எதிராக விதைகளில் நம்பியிருப்பது எஸ்.எம்.1 ஒன்றைத்தான். அது உடைந்தால் அடுத்ததாகக் கையில் எதுவும் இல்லை.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. வயலில் 10 லட்சம் புழு. அதில் எஸ்.எம்.1-ஐத் தாண்டக்கூடியவை 100. எல்லாச் செடியும் எதிர்ப்புச் செடி என்றால் பிழைப்பது அந்த 100 மட்டும். அவை தங்களுக்குள்தான் சேர வேண்டும். பிறக்கும் குஞ்சு அத்தனையும் தாண்டும் குணத்தோடு பிறக்கும். கதை முடிந்தது.

10 சதவீதம் சாதாரணச் செடி இருந்தால்? அங்கே விழுந்த 1 லட்சம் புழுவும் பிழைக்கும். தாண்டும் புழு ஒன்று ஈயாகி ஜோடி தேடும்போது, ஆயிரத்தில் 999 முறை அதற்குக் கிடைப்பது சாதாரண ஈ. அந்த ஜோடியின் பிள்ளைகளுக்கு அந்தக் குணம் ஒரு பக்கம் மட்டும்தான் வரும். எதிர்ப்புச் செடியில் விழுந்தால் அவை செத்துப்போகும். ஆக, அந்தப் 10 விதை பூச்சிக்குப் போட்ட தானம் இல்லை. மாப்பிள்ளை தேடிக் கொடுக்கும் ஏற்பாடு! இதற்குப் ‘புகலிடம்’ என்று பெயர். கூடவே அந்தக் குளவிக்கும் முட்டை வைக்க இடம் கிடைக்கிறது.

புகலிடம் நமக்குப் புதிதில்லை. நம் நாட்டில் பி.டி. பருத்தி விதையோடு 120 கிராம் சாதாரண விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். பலர் அதை விதைக்கவே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். கனடாவில் விதையை மூட்டையிலேயே கலந்துவிட்டதால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவைக்க வழியில்லை. இந்தக் கலப்பு இங்கே பலிக்க இன்னொரு காரணமும் உண்டு. புழு தான் பிறந்த கதிரிலேயே இருந்துவிடும். ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு நகர்ந்து இரண்டையும் ருசி பார்ப்பதில்லை.

ஒரே ஒரு ஓட்டை, விவசாயி எடுத்துவைக்கும் சொந்த விதை. இரண்டு ரகமும் ஒரே மாதிரி விளையாது என்பதால் வருஷத்துக்கு வருஷம் 90:10 விகிதம் நகர்ந்துவிடும். அதனால் விதை வாங்கும்போதே விவசாயி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். சான்று விதையிலிருந்து ஒரே ஒரு தலைமுறைதான் சொந்த விதை எடுக்கலாம். அடுத்து மறுபடி வாங்க வேண்டும்.

இது விவசாயிக்குச் செலவுதான், மறுக்கவில்லை. சொந்த விதை எடுக்கும் உரிமையில் கை வைப்பதை நான் பொதுவாகச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் இந்த ஈக்கு வேலி தெரியாது. ஒருவர் வயலில் உருவாகும் தாண்டும் ஈ, அடுத்த வருஷம் பக்கத்து வயலுக்கும் போகும். எஸ்.எம்.1 அத்தனை பேருக்கும் பொதுச் சொத்து. அதைக் கட்டிக்காக்க ஆளுக்குப் பத்து விதை கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கு புரிந்த பிறகு, அந்தப் பத்து எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.